வர்ஜீனியா வுல்ஃபின் தாய்: குடும்ப வரலாறும் பெயரிலா முகங்களும்

முன்னுரை

ஒரு படைப்பை அதனைப் படைத்தவரின் குடும்ப வரலாற்றோடு பொருத்திக் காண்பது திறனாய்வு நெறிகளுள் ஒன்றாகும். இந்நெறிக்கு ஏற்ற சான்றாக விளங்குபவர் ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃப் (1882-1941). 'கலங்கரை விளக்கை நோக்கி' எனத் தமிழில் பொருள்படும் 'டு த லைட்ஹவுஸ்' நாவலில் வரும் திருமதி ராம்சே, அவர்தம் தாய் ஜூலியா ஸ்டீபனின் சாயலில் உருவானவர் என்பது திறனாய்வாளர் ஒப்பிய செய்தி. தாய் மறைந்த நாள் 1895 மே 5. நாவல் வெளிவந்த நாள் 1927 மே 5.

ஆயினும், இத்தாய் கல்கத்தாவில் பிறந்தவர் என்பதும், அவர்தம் குடும்பத்தின் ஒரு கிளை இலங்கைக் காப்பித் தோட்டங்களோடு பிணைந்திருந்தது என்பதும் நம் வகுப்பறைகளில் போதிய அளவு பேசப்படுவதில்லை எனலாம். இவ்விரு செய்திகளையும் முன்னிறுத்தி, நாவலில் தாயின் இந்தியத் தொடர்பு என்னவாயிற்று என்பதையும், தோட்டத் தமிழரின் வழிவந்த நாம் அந்நாவலை எவ்வாறு வாசிக்கலாம் என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

தாயின் குடிவழி

ஜூலியா பிரின்செப் ஜாக்சன் 1846 பிப்ரவரி 7ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை ஜான் ஜாக்சன் அந்நகரில் நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவர். தாய் மரியா, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் பேட்டிலின் மகள். பேட்டில் சகோதரியர் எழுவர் அக்காலக் கல்கத்தாவிலும் பின்னர் இலண்டனிலும் அழகாலும் கலை ஈடுபாட்டாலும் பெயர்பெற்றவர்கள். அவர்தம் தாய் அடலின் பிரெஞ்சு வழியினர். அடலினின் தாயோ இந்திய மண்ணில் பிறந்தவர். எனவே, ஜூலியாவுக்கு முந்திய இரண்டு மூன்று தலைமுறைகள் இந்தியாவோடு நெருங்கிய உறவு கொண்டிருந்தமை தெளிவு.

ஜூலியா இரண்டு வயதில், 1848இல், தாயுடன் இங்கிலாந்து சென்றார். 1867இல் வழக்கறிஞர் ஹெர்பர்ட் டக்வொர்த்தை மணந்தார். மூன்றே ஆண்டுகளில் கணவரை இழந்தபோது கடைசிக் குழந்தை இன்னும் பிறக்கவில்லை. 1878இல் அறிஞர் லெஸ்லி ஸ்டீபனை மணந்து வனெஸா, தோபி, வர்ஜீனியா, ஏட்ரியன் என மேலும் நால்வரைப் பெற்றார். லெஸ்லியும் துணையை இழந்தவரே. நாவலாசிரியர் தாக்கரேயின் மகளே அவருடைய முதல் மனைவி. அத்திருமணத்தில் பிறந்த லாராவையும் சேர்த்து எட்டுப் பிள்ளைகள் நிறைந்த இல்லமாக அஃது இருந்தது.

ஜூலியா நோயாளிகளைத் தேடிச் சென்று பணிவிடை செய்தவர். அப்பட்டறிவை 1883இல் ஒரு சிறு நூலாகவும் எழுதினார். அதே வேளையில் 1889இல் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்ற முறையீட்டில் கையொப்பமும் இட்டார். பிறருக்காகத் தம்மைத் தேய்த்துக்கொண்ட அவர் 49ஆம் வயதில் மறைந்தார். அப்போது வர்ஜீனியாவுக்கு வயது 13. 'இல்லத்துத் தேவதை' என்னும் பெண்மை வார்ப்பைக் கொன்றாலன்றிப் பெண் எழுத முடியாது என்று பின்னாளில் (1931) வர்ஜீனியா பேசியபோது, அவர் மனத்தில் தாயின் நிழல் இருந்திருக்க வேண்டும் என்பது நம் துணிபு.

நாவலில் இந்தியா

நாவலில் இந்தியா முற்றிலும் மறைந்துவிடவில்லை. அது மூன்று இடங்களில் தலைகாட்டுகின்றது. முதலாவதாக, ஆண்கள் அனைவரையும் தம் காப்பில் உள்ளவராகக் கருதும் திருமதி ராம்சே, அவர்கள் உடன்படிக்கை செய்வதையும் இந்தியாவை ஆள்வதையும் அதற்குக் காரணங்களாக எண்ணுகின்றார். இரண்டாவதாக, விருந்துக்கு முன் பிள்ளைகள் தாய்க்கு அணிகலன் தெரிவு செய்யும்போது, ஜேம்ஸ் என்னும் உறவினர் இந்தியாவிலிருந்து கொணர்ந்த ஓப்பல் மாலை எடுக்கப்படுகின்றது. மூன்றாவதாக, தனித்திருக்கும் பொழுதில் தாம் காணாத இடங்களுள் ஒன்றாக இந்தியச் சமவெளியை அவர் நினைக்கின்றார்.

ஆள்வதற்குரிய நிலம், அணிவதற்குரிய பொருள், காணாத தொலைவு என்னும் இம்மூன்று நிலைகளில் மட்டுமே இந்தியா இங்கு இடம்பெறுவது நோக்கத்தக்கது. பிறந்த மண் என்னும் நிலை இல்லை. திருமதி ராம்சேயின் குடிப்பெருமை கூறப்படுமிடத்து, பாதி கற்பனையான ஓர் இத்தாலியப் பிரபுக் குடும்பம் அவருக்கு அளிக்கப்படுகின்றது. கல்கத்தா இருந்த இடத்தில் இத்தாலி வந்து அமர்கின்றது. ஜேம்ஸ் என்னும் பெயர் பாட்டனார் ஜேம்ஸ் பேட்டிலை நமக்கு நினைவூட்டுகின்றது. ஆயினும் கம்பெனி அதிகாரியின் பெயர், நாவலில் பரிசு கொணரும் உறவினரின் பெயராகவே எஞ்சுகின்றது.

நாவல் வாழ்க்கை வரலாறன்று. மாற்றியமைக்கும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்று சிலர் கூறலாம். இக்கூற்றை நாம் ஏற்கின்றோம். ஆனால், எதை வைத்துக்கொண்டார், எதை மாற்றினார் என்று வினவுவது திறனாய்வாளரின் கடமையாகும். தாயின் நடை, குரல், பின்னல் வேலை, நோயுற்றோர்பால் கொண்ட பரிவு ஆகியவற்றை நுட்பமாக வைத்துக்கொண்ட மகள், குடும்பச் செல்வத்தின் ஊற்றுக்கண்ணை மட்டும் தொலைவில் நிறுத்திவிட்டார்.

படமெடுத்தவரும் படத்தில் நின்றோரும்

ஜூலியாவின் பெரியம்மாவும் ஞானத்தாயுமான ஜூலியா மார்கரெட் கேமரன் (1815-1879) இக்குடும்ப வரலாற்றில் தனியிடம் பெறுபவர். நாற்பத்தெட்டாம் வயதில் ஒளிப்படக் கருவியைக் கையிலெடுத்து உலகப் புகழ் பெற்றவர். தம் தங்கை மகள் ஜூலியாவை மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களாக எடுத்தார். அப்படங்களில் ஜூலியாவுக்குப் பெயர் உண்டு; தேதி உண்டு; ஒரு முகத்தின் பல மனநிலைகள் உண்டு.

இவருடைய கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன், இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய்ந்த கோல்புரூக்-கேமரன் ஆணைக்குழுவில் பங்குபெற்றவர். பின்னர் அத்தீவில் காப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளரானார். அத்தோட்டத் தொழில் தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமார் வழி வந்த தமிழரின் உழைப்பால் நடந்தது. 1869இல் காப்பி இலைநோய் கண்டறியப்பட்டது. தொழில் சரியத் தொடங்கியது. 1875இல் கேமரன் இணையர் இங்கிலாந்தை விட்டு இலங்கையில் குடியேறினர். நான்கு ஆண்டுகளில் அம்மையார் மலைநாட்டுத் தோட்டமொன்றில் மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார்.

இலங்கையில் அவர் எடுத்த படங்களுள் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. களுத்துறைப் பகுதி மக்களும் தொழிலாளரும் அவற்றில் நிற்கின்றனர். அவர்களுள் தமிழரும் உளர் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. தோட்டக்காரர் ஒருவரை, அவர் முதுகின் அழகைப் படமெடுக்கவே அம்மையார் பணியில் அமர்த்தினார் என்று 1877ஆம் ஆண்டளவில் அங்குச் சென்ற ஓவியர் மேரியான் நார்த் பதிவு செய்துள்ளார். பெயர் இன்றி, இனமும் ஊரும் மட்டுமே குறிக்கப்பட்ட முகங்கள் இவை. ஒரே குடும்பம், ஒரே கைவண்ணம். ஆனால் அக்குடும்பத்துப் பெண்ணுக்குப் பெயரும் வரலாறும் கிட்டின. தொழிலாளருக்கு உருவம் மட்டுமே கிட்டியது.

இவ்விடத்தில் வர்ஜீனியாவின் மௌனத்தை முழுமையானது எனல் பொருந்தாது. 1926இல் வெளிவந்த கேமரன் ஒளிப்படத் தொகுப்பு ஒன்றுக்கு அவரே அறிமுகவுரை எழுதினார். கேமரன் இணையர் இலங்கை புறப்படுவதை 'ஃபிரெஷ்வாட்டர்' என்னும் நகைச்சுவை நாடகமாக்கினார். அவர் கணவர் லெனர்டு வுல்ஃப் 1904 முதல் 1911 வரை இலங்கையில் அரசுப் பணியாற்றி, யாழ்ப்பாணத்திலும் இருந்தவர். எனவே, செய்தி தெரியாமை காரணமன்று. 'டு த லைட்ஹவுஸ்' நாவலின் நடுப்பகுதியில் பாழடையும் வீட்டை மீட்பவர் திருமதி மெக்நாப் என்னும் வேலைக்காரப் பெண். அவருக்குப் பெயரும் நினைவும் பாட்டும் அளித்த எழுத்தாளரின் பரிவு கடல்கடந்த தோட்டங்களை எட்டவில்லை என்பதே நம் மதிப்பீடு.

சிம்பாங் பூலாயிலிருந்து நோக்குங்கால்

ஈப்போவுக்குத் தெற்கே சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த சிம்பாங் பூலாயிலிருந்து இந்நாவலைப் படிக்கும் நமக்கு, மேற்கண்ட வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. இங்கிருந்து மலையேறும் சாலை கேமரன் மலைக்குச் செல்கின்றது. அம்மலைக்குப் பெயர் தந்தவர் 1885இல் அப்பகுதியை ஆராய்ந்த நில அளவையாளர் வில்லியம் கேமரன். அவர் வேறு, மேற்கூறிய சார்ல்ஸ் கேமரன் வேறு. ஆனால் இலங்கைக்கும் பேராக்கிற்கும் உள்ள தொடர்பு பெயரொற்றுமையினும் ஆழமானது. இலங்கையில் காப்பி வீழ்ந்தபோது தோட்ட முதலாளிமாருள் சிலர் மலாயாவுக்கு வந்தனர். அங்கு வேரூன்றியிருந்த கங்காணி முறை இங்கும் பரவியது. காப்பியை அடுத்து ரப்பர் தழைத்தது.

அத்தோட்டங்களில் உழைத்த நம் தாய்மாருக்கு எஞ்சிய எழுத்துச் சான்றுகள் எவை? விடியற்காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டு, பால்மரம் வெட்டச் சென்ற பெண்ணின் பெயர் செக்ரோலில் உண்டு. வேலைநாளும் கூலியும் உண்டு. 1920களின் இறுதியில் முதன்மை வட்டாரங்களில் வகுக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. இவற்றைத் தவிர அப்பெண்ணின் முகமோ குரலோ ஏட்டில் இல்லை. ஜூலியா ஸ்டீபனுக்கு ஒளிப்படங்கள், கணவர் எழுதிய நினைவேடு, மகள் எழுதிய நாவல், தம் பெயரில் ஒரு நூல் என அனைத்தும் வாய்த்தன. இது திறமையின் வேறுபாடன்று. ஏடும் ஓய்வும் யாருக்குக் கிட்டின என்பதன் வேறுபாடாகும்.

முடிவுரை

இதனால் 'டு த லைட்ஹவுஸ்' தாழ்ந்த படைப்பாகிவிடாது. தாயை இழந்த மகள் முப்பதாண்டுகளுக்குப் பின் அத்தாயை மொழியால் மீட்ட அருஞ்செயல் அது. அதனைக் கற்பித்தல் தகும். ஆனால் கற்பிக்கும்போது கல்கத்தாவையும் களுத்துறையையும் உடன்வைத்துக் கற்பித்தல் வேண்டும். அப்போது ஓப்பல் மாலை வெறும் அணிகலனாகத் தோன்றாது.

அந்நாவல் நம் ஆசிரியர்களுக்கு ஒரு பணியையும் சுட்டுகின்றது. பால்மரம் வெட்டிய கடைசித் தலைமுறைப் பெண்கள் முதுமை எய்திவிட்டனர். பேராக்கின் பழைய தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. மாணவர்கள் தத்தம் பாட்டியரிடம் பெயர், பிறந்த தோட்டம், வெட்டிய நிரை, பாடிய தாலாட்டு ஆகியவற்றைக் கேட்டு எழுதிவைக்கப் பணித்தல் இலக்கியக் கல்வியின் ஒரு கூறாதல் வேண்டும். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே இப்பணி தொடங்கப்பட வேண்டும் என்பது நம் வேண்டுகோள்.