‘என்ன ஆனார்?’ – ஒரு பெயர்ப்பட்டியலை வாசித்தல்

1

சென்னைப் பல்கலைக்கழகத்தைப் பற்றியோ அதன்கீழ் இருந்த பழைய கல்லூரிகளைப் பற்றியோ வெளிவரும் எந்த மலரையும் எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துச் செய்திகளும் கட்டிடப் படங்களும் முடிந்தபிறகு ஒரு பட்டியல் வரும். சீனிவாச இராமானுஜன், சி.வி. ராமன், ராதாகிருஷ்ணன், ராஜாஜி, எஸ். சந்திரசேகர், அண்ணா, அப்துல் கலாம். நோபல் பரிசு இரண்டு, குடியரசுத் தலைவர்கள் சிலர், முதலமைச்சர்கள் சிலர். தலபுராணத்தில் பாடல்பெற்றவர் பட்டியல் வருகிற மாதிரிதான். அண்மைக்காலத்தில் இதற்கு ஒரு நடைமுறைப் பயனும் சேர்ந்திருக்கிறது. 1994-இல் தொடங்கப்பட்ட ‘நாக்’ தரமதிப்பீட்டில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கும் மதிப்பெண் உண்டு. பெருமையாக இருந்தது இப்போது மதிப்பெண்ணாகவும் ஆகிவிட்டது.

இந்தப் பட்டியலை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அதில் இருக்கிறவர்கள் பெரியவர்களா இல்லையா என்பது இங்கே கேள்வியில்லை. அவர்கள் பெரியவர்கள்தான். பட்டியல் அவர்களை வைத்துக்கொண்டு என்ன சொல்கிறது என்பதே கேள்வி. எல்லா மலர்களிலும் ஒரே வினைச்சொல் திரும்பத் திரும்ப வரும்: ‘உருவாக்கியது’. எங்கள் பல்கலைக்கழகம் உருவாக்கிய மேதை, எங்கள் பல்கலைக்கழகம் உருவாக்கிய தலைவர்.

இந்த ‘உருவாக்கிய’வில்தான் சிக்கல் இருக்கிறது. 1857-இல் லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்டது சென்னைப் பல்கலைக்கழகம். முதல் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அது யாருக்கும் பாடம் நடத்தவில்லை. பாடம் நடத்தியவை கல்லூரிகள். பல்கலைக்கழகம் செய்தது தேர்வு வைத்தது, பட்டம் கொடுத்தது. அதன் முதல் பட்டதாரிகள் என்று சொல்லப்படும் சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர்கள். அவர்களை உருவாக்கியது சென்னைப் பல்கலைக்கழகமா? கடல்தாண்டிக் கற்று வந்தவர்களை அது அளந்து பார்த்துச் சரி என்றது. அவ்வளவுதான்.

அளப்பதுதான் அதன் வேலை என்றால், தேறாதவர்களைத் தள்ளிவிடுவதும் அதன் வேலைதானே. ஒருவரை உற்றுப் பார்ப்பதும் அவர்மீது தீர்ப்புச் சொல்வதும் ஒன்றாகக் கூடுகிற சடங்கு என்று தேர்வைப் பற்றி ஃபூக்கோ எழுதினார். நம்ம ஊரில் இதைத் தெரிந்துகொள்ள ஃபூக்கோவைப் படிக்க வேண்டியதில்லை. பெயருக்குப் பின்னால் ‘பி.ஏ. ஃபெயில்’ என்று போட்டுக்கொண்டவர்களின் சமூகம் இது. அந்த ‘ஃபெயி’லும் ஒரு பட்டமாக மதிக்கப்பட்டது. வாசல்வரை போய்வந்ததற்கே அவ்வளவு மரியாதை இருந்தது என்றால், வாசல் எவ்வளவு இறுக்கமாக இருந்திருக்கும்!

2

பட்டியலின் முதல் பெயரையே எடுத்துக்கொள்வோம். இராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரி அல்லர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பிறகு பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். எஃப்.ஏ. தேர்வில் இருமுறை தோற்றார். கணக்கு வந்தது, மற்றவை வரவில்லை. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் மேலே போகலாம் என்பது விதி. இளங்கலைக்குள்ளேயே நுழையமுடியாத ஒருவர் இன்று பட்டியலின் தலைப்பில் உட்கார்ந்திருக்கிறார்.

1913-இல், கேம்பிரிட்ஜிலிருந்து ஹார்டியின் கடிதம் வந்தபிறகு, இதே பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. முதுகலை முடித்தவர்களுக்கென்று இருந்த தொகை அது. விதியைத் தளர்த்தித்தான் கொடுக்கவேண்டியிருந்தது. அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் அந்த விதி தளர்ந்தது எப்படி என்பதைப் பட்டியல் சொல்லாது. துணை ஆட்சியராக இருந்த ராமசாமி ஐயர், மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்த நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ், துறைமுகக் கழகத்தில் மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயர் என்று ஒரு சங்கிலி. அதன் கடைசிக் கண்ணியாகக் கேம்பிரிட்ஜ் தபால்.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். இராமானுஜன் ஏழை. பசியோடு கணக்குப் போட்டவர். அவர் மேதைமையைச் சாதி தந்தது என்று சொல்வது மடத்தனம். ஆனால், தேர்வில் தோற்ற ஒரு பையன் நோட்டுப்புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் வீட்டு முன்கட்டுவரை போகமுடிந்தது, அவரும் பிரித்துப் பார்த்தார் என்பது கணக்கின் விதியால் நடந்தது அல்ல. அதே ஆண்டில் தோற்ற இன்னொருவன், சேரியிலிருந்து வந்தவன், அதே நோட்டோடு அந்தத் திண்ணையில் ஏறியிருக்க முடியுமா? அப்படி ஒருவன் இருந்தானா என்பதே நமக்குத் தெரியவராது. பட்டியலின் மௌனம் என்று நான் சொல்வது இதைத்தான். இராமானுஜனைச் சேர்த்துக்கொண்டதன் மூலம், திறமை இருந்தால் எப்படியும் மேலே வந்துவிடும் என்ற கதையாடலைப் பல்கலைக்கழகம் தன் பெயரில் எழுதிக்கொள்கிறது.

1920-இல் அவர் இறந்தபிறகு மனைவி ஜானகி சொற்ப ஓய்வூதியத்தோடும் தையல் வேலையோடும் திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்தார். பல்கலைக்கழகம் இருந்த கடற்கரை அங்கிருந்து நடக்கிற தூரம்.

3

பட்டம் வெறும் கௌரவமாக மட்டும் இருந்ததில்லை. அது வாக்குரிமையாகவும் இருந்தது. பதிவுபெற்ற பட்டதாரிகளுக்குப் பல்கலைக்கழகப் பேரவையில் சிலரைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் உரிமை உண்டு. 1914-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அப்படிப் பதிவுபெற்றிருந்தவர்கள் 650 பேர். அதில் பார்ப்பனர் 452. மாகாண மக்கள்தொகையில் அவர்கள் 3 விழுக்காட்டை ஒட்டி இருந்தார்கள். 1916 டிசம்பரில் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளிவந்தபோது அதன் அடிவயிற்றில் எரிந்தது இத்தகைய எண்கள்தான். இன்றைய ‘புகழ்பெற்ற முன்னாள் மாணவர்’ பட்டியலுக்கு மூதாதை இந்த வாக்காளர் பட்டியல் என்று சொல்லத் தோன்றுகிறது. அன்று அது அதிகாரத்தைப் பங்குபோட்டது. இன்று அதே வேலையைப் பெருமை என்ற பெயரில் செய்கிறது.

இந்த வழக்கம் வெள்ளைக்காரனோடு போய்விடவில்லை. அரசமைப்புச் சட்டத்தின்படி மாநில மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடம் பட்டதாரிகள் தேர்ந்தெடுப்பது. தமிழ்நாட்டில் 1986-இல் மேலவை ஒழிக்கப்படும்வரை, பட்டம் வாங்கியவருக்கு மற்றவரைவிடக் கூடுதலாக ஒரு ஓட்டு இருந்தது. களையெடுக்கிற அம்மாவுக்கு ஒன்று, பி.ஏ. படித்த மகனுக்கு இரண்டு. யாரும் பெரிதாக வியந்ததாகத் தெரியவில்லை.

வாசலை அகலப்படுத்த வேண்டும் என்ற குரல் எழுந்தபோதெல்லாம் எதிரில் வந்து நின்ற சொல் ‘தகுதி’. 14 இடங்களைப் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்டோருக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, கிறிஸ்தவருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்த வகுப்புவாரி ஆணையை 1951-இல் உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. அது செண்பகம் துரைராசன் வழக்கு. தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டம் முதல்முறையாகத் திருத்தப்பட்டது. கல்லூரியில் யார் உட்காருவது என்ற சண்டைதான் சட்டத்தையே திருத்தவைத்தது. எந்தக் கல்லூரி மலரிலாவது இதைக் கல்லூரியின் வரலாறாகச் சொல்லியிருக்கிறார்களா? அங்கே பட்டியல் மட்டும் இருக்கும். பட்டியலுக்கு வெளியே நடந்த சண்டை இருக்காது.

4

அப்படியென்றால் பட்டியலே வேண்டாமா? நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். எண்ணத்தை மாற்றியது சேரிமுனைகளில் வைக்கப்படுகிற அம்பேத்கர் படம். படத்துக்குக் கீழே பட்டங்கள் வரிசையாக இருக்கும்: எம்.ஏ., பிஎச்.டி., டி.எஸ்சி., பார்-அட்-லா. சில சமயம் படத்தைவிட எழுத்து பெரிதாக இருக்கும். படித்த நண்பர்கள் சிலர் இதைக் கேலி செய்வதுண்டு. பட்டமோகமாம். அவர்களுக்குப் புரியாத ஒன்று உண்டு. அது பம்பாயோ கொலம்பியாவோ தன் மாணவனைப் பற்றிப் பேசுகிற பேச்சு அல்ல. உள்ளே விடப்படாதவர்கள் வாசலைப் பார்த்துப் பேசுகிற பேச்சு. நிறுவனம் சொல்லும் பட்டியல் ‘இவர்களை நாங்கள் உருவாக்கினோம்’ என்கிறது. சேரிச்சுவரில் இருக்கிற பட்டியல் ‘உங்களை மீறி வந்தோம்’ என்கிறது. இரண்டும் பட்டியல்தான். யார் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தக் கண்ணோடு சென்னைப் பல்கலைக்கழகப் பட்டியலை மறுபடி எழுதிப்பார்க்கலாம். 1911-இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமியை முதல் பெண்களில் ஒருவர் என்று சொல்லி நிறுத்திவிடாமல், குழந்தை விதவை என்ற நிலையிலிருந்து எதைத் தாண்டி அங்கே வந்தார் என்று எழுதலாம். 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டியின் தாய் தேவதாசி மரபில் வந்தவர் என்பதையும், பெண்ணைப் புதுக்கோட்டைக் கல்லூரியில் சேர்த்ததற்கு ஊரில் எழுந்த எதிர்ப்பையும் சேர்த்து எழுதலாம். பின்னாளில் தேவதாசி முறைக்கு எதிராக அவர் சட்டமன்றத்தில் நின்றது அப்போதுதான் புரியும். சென்னையில் சட்டம் படித்துச் சட்டக்கல்லூரியிலேயே கற்பித்த என். சிவராஜ், 1942-இல் அம்பேத்கர் தொடங்கிய பட்டியல்சாதியினர் கூட்டமைப்பின் தலைவரானார், 1945-இல் சென்னை மேயரானார். எத்தனை மலர்களில் ராஜாஜிக்கு அடுத்த வரியில் அவர் பெயர் இருக்கிறது? எண்ணிப்பாருங்கள்.

5

கடைசியாக ஒரு சொந்த விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியின் ஆண்டுவிழா மலர்க்குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். முன்னாள் மாணவர் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு. என்னோடு படித்த ஒரு நண்பனின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அவன் எங்கள் பக்கத்துக் காலனியிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். ஆங்கிலத்தில் ஒரு அரியர். திரும்பத் திரும்ப எழுதியும் போகவில்லை. கேட்டால் சிரிப்பான்: “நானும் பி.ஏ.தாம்ப்பா, ஒரு பேப்பர் மட்டும் யுனிவர்சிட்டிக்கிட்ட அடகுல இருக்கு, இன்னும் மூக்கல.” பகலில் கட்டிட வேலை. ராத்திரியில் காலனிக் கோயில் திண்ணையில் பிள்ளைகளுக்குப் பாடம். காசு வாங்கமாட்டான். அந்தத் திண்ணையில் படித்தவர்களில் நர்ஸ் இருக்கிறார்கள், வாத்தியார்கள் இருக்கிறார்கள், ஒரு வக்கீல் இருக்கிறார்.

குழுவில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்: “சரிங்க, இவரு என்ன ஆனாரு?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. உண்மையில் அவன் எதுவும் ஆகவில்லை. மற்றவர்கள் ஆனார்கள். அந்தக் கணக்குக்குப் பட்டியலில் பத்தி கிடையாது. பெயர் எடுக்கப்பட்டது. அப்போது நான் சண்டை போடாமல் வந்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நம்மில் பலரிடம் இப்படி ஏதாவது ஒரு மலருக்கு எழுதித் தரச்சொல்லி வருவார்கள். மறுக்க வேண்டாம், போய் உட்காருங்கள். நோபல் பரிசுகளை எடுத்துவிடச் சொல்ல வேண்டாம். சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள். எந்த ஆண்டில் எந்தத் தெருவிலிருந்து முதல் பிள்ளை வந்தது, எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், விடுதியில் யாரோடு யார் சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். ‘என்ன ஆனார்’ என்று திருப்பிக் கேட்பார்கள். நான் அன்று சொல்லாமல் வந்த பதிலை நீங்களாவது சொல்லுங்கள்.