தோண்டி எடுத்துப் போகலாம்

பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது தோட்டத்துக்கும் புதிதாக ஒரு வரைபடம் வருகிறது. கார் நிறுத்த இடம், ஓரமாகக் கொஞ்சம் புல்தரை. பதினைந்து வருஷத்துச் செம்பருத்திக்கு அதில் இடமில்லை. வெட்ட மனம் வராத வீட்டுக்காரர், வேண்டியவர்கள் தோண்டி எடுத்துப் போகலாம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் கடப்பாரையும் சாக்குமாக வந்து நிற்கிறார். செடி பிழைத்துவிட்டதாக இருவருக்கும் திருப்தி. செடியின் கணக்கு வேறு.

இந்த ஆசை பழையது. பிரான்ஸின் பதினான்காம் லூயிக்கு மரம் வளரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. மார்லி அரண்மனைத் தோட்டத்துக்கு வளர்ந்த மரங்களையே தொலைவிலிருந்து கொண்டுவரச் செய்தார். அவற்றில் முக்கால்வாசி பட்டுப்போக, உடனே வேறு மரங்கள் வந்து இறங்கின என்று அரசவையில் இருந்த சேன் சிமோன் தன் நினைவுக் குறிப்புகளில் குத்தலாக எழுதிவைத்திருக்கிறார்.

நம் காலத்துக் கணக்கும் பெரிதாக மாறவில்லை. டெல்லி அரசின் 2020-ஆம் ஆண்டு மர இடமாற்றக் கொள்கை, நட்ட மரங்களில் 80 சதவீதமாவது ஓராண்டுக்குப் பின் உயிரோடிருக்க வேண்டும் என்றது. 2022-ல் உயர் நீதிமன்றத்தில் அரசே கொடுத்த விவரப்படி, அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் இடம் மாற்றிய 16,461 மரங்களில் பிழைத்தவை 5,487.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. அடிமரம் 10 சென்டிமீட்டர் கனம் என்றால், ஒரு மீட்டர் அகலத்துக்காவது வேர்மண் சிதையாமல் வர வேண்டும். அரை மீட்டருக்கு மேல் ஆழம் வேறு. எடை முக்கால் டன்னை நெருங்கும். சாக்கில் அடங்குகிற விஷயமா இது? அப்படி எடுத்தாலும் நீர் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி பழைய இடத்திலேயே தங்கிவிடும். மேலே இலைகள் மட்டும் வழக்கம்போல் தண்ணீர் கேட்கும்.

எல்லாச் செடிக்கும் இதே கதி என்று சொல்வதும் தவறு. ஈழத்தலரி இலை உதிர்த்து நிற்கும்போது பெயர்த்தால் சிரமமில்லாமல் பிடித்துக்கொள்ளும். பனை வகைகள் பலவும் அடித்தண்டிலிருந்து புது வேர் விடுவதால் தேறிவிடும். முருங்கையையோ யாரும் பெயர்ப்பதில்லை. போத்து ஒடித்து நட்டால் போதும்.

மற்றவற்றுக்கு வேண்டியது அவகாசம். பெயர்ப்பதற்குச் சில மாதங்கள் முன்பே பாதி வட்டத்துக்குப் பள்ளம் வெட்டி, வேர் துளிர்த்த பிறகு மறுபாதியை வெட்டுவது பழகிய முறை. ஐப்பசி மழையை ஒட்டி நடுவது உத்தமம். நடைமுறையில் என்ன நடக்கிறது? திங்கட்கிழமை ஜேசிபி வருகிறது என்று வெள்ளிக்கிழமை தெரிகிறது. வெயில் சித்திரையாக இருந்தாலும் தோண்ட வேண்டியதுதான். இந்த அவசரத்தில் நடப்பதைக் காப்பாற்றுதல் என்பது கொஞ்சம் மிகை.

செடியோடு கூட வரும் விருந்தாளிகளையும் பார்க்க வேண்டும். 2008-ல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியிலும் அடையும். கணுவில் வெள்ளைப் பஞ்சு போல் ஒட்டியிருப்பதைத் துடைக்காமல் வண்டியில் ஏற்றினால், புதுத் தோட்டத்துக்கு அதுவும் சீதனம்.

செம்பருத்திக்கும் மல்லிகைக்கும் எளிய வழி இருக்கிறது. பென்சில் கனத்தில் ஆறு குச்சி வெட்டி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, ஈர மணலில் ஊன்றி நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர் விடும். அதே செடி, அதே பூ. இழப்பு அந்த உயரமும் நிழலும்தான். அவை வேண்டுமென்றால் வரைபடத்தில் காரை இரண்டடி தள்ளி நிறுத்திப் பார்க்கலாம்; செடியை நகர்த்துவதைவிட அது சுலபம்.

ஞாயிற்றுக்கிழமை சாக்கில் போன செம்பருத்தி மூன்றாம் நாளே இலையை உதிர்த்திருக்கும். இரண்டு மாதம் கழித்து, கொண்டுபோனவர் தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பார். பட்டைக்கடியில் பச்சை தெரிந்தால் தண்ணீர் ஊற்றுவார். கொடுத்தவர் அதற்குள் டைல்ஸ் கடையில் நிறம் பார்த்துக்கொண்டிருப்பார்.