நீர்வண்ணத்தில் தண்ணீரின் பங்கைப் பார்ப்பது எப்படி

எண்ணெய் வண்ணத்திலோ அக்ரிலிக்கிலோ வரையும் ஓவியர் ஒரு பகுதியை மாற்ற விரும்பினால், அதன் மேல் வேறு வண்ணத்தைக் கனமாகப் பூசி முந்தையதை மறைத்துவிடலாம். நீர்வண்ணத்தில் அந்த வசதி பெரும்பாலும் கிடையாது, ஏனெனில் அதன் படலம் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது, அடியில் இருப்பது எதுவானாலும் மேலே தெரிந்துகொண்டே இருக்கும். ஆகவே எந்தப் பூச்சு முதலில் விழுந்தது, எது பின்னால் வந்தது, தாள் எங்கே ஈரமாக இருந்தது, எங்கே காய்ந்துவிட்டிருந்தது என்பவையெல்லாம் முடிந்த ஓவியத்தில் பார்ப்பவரின் கண்முன்னே கிடக்கின்றன. இந்த வரிசையைப் படிக்கத் தெரிவதே நீர்வண்ணத்தை ரசிப்பதன் பெரும்பகுதி. ‘போட்டோ மாதிரியே இருக்கிறது’ என்று சொல்லி நகர்ந்துவிடுபவர் பாராட்டுகிறார் என்பது உண்மைதான். ஆனால் தாளில் நடந்ததை அவர் இன்னும் பார்க்கத் தொடங்கவில்லை.

இதைக் கற்க மிக நல்ல இடம், பழுத்த ஓவியர் ஒருவரின் தேர்ந்தெடுத்த படைப்புகளைவிட, வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் வரையப் பழகும் ஒருவர் தமக்கென வகுத்துக்கொண்ட தொடராகும். திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங்கோ கணக்கோ பார்ப்பவர், காங்கயம் சாலையையும் அதைச் சுற்றிய காட்டையும் மேட்டையும் தாள் தாளாக வரைவதென்று முடிவுசெய்தால், அந்தத் தாள்கள் வரைந்த வரிசையிலேயே ஒரு பாடநூல் ஆகிவிடுகின்றன. அத்தகையவரைத் தொழில்முறை ஓவியருக்குக் கீழே வைத்துப் பார்க்கும் பழக்கம் சரியானதன்று. 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் சில ஆண்டுகள் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். 1936இல், 25ஆம் வயதில்தான், தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த சென்னை ஓவியப் பள்ளியில் அவர் மாணவராகச் சேர்ந்தார். தென்னையும் நீர்நிலையும் வயலும் நிறைந்த நீர்வண்ண நிலக்காட்சிகளே அவருடைய தொடக்க காலப் படைப்புகளில் முதன்மையானவை. பின்னாளில் அதே பள்ளிக்கு முதல்வராகி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவரின் கை, நீர்வண்ணத் தாளில்தான் பழகியது.

நீர்வண்ணம் என்பது நுண்ணிய நிறத்துகள்களை வேல மர இனத்தின் பிசினோடு, அதாவது அரபிக் கோந்தோடு, குழைத்துச் செய்யப்படுவது. தண்ணீர் அந்தத் துகள்களைச் சுமந்து சென்று தாளில் பரப்பிவிட்டு ஆவியாகிவிட, பிசின் அவற்றைத் தாளோடு ஒட்டிவைக்கிறது. கரைந்து பிணையும் நிறத்துக்கும் பசையால் ஒட்டிநிற்கும் நிறத்துக்கும் உள்ள வேறுபாடு திருப்பூர் வட்டாரத்தாருக்கு விளக்காமலே புரியும்: சாயப்பட்டறையில் ரியாக்டிவ் சாயம் நீரில் கரைந்து பருத்தி இழையோடு வேதிவழியில் பிணைகிறது, பிக்மென்ட் பிரிண்டிங்கிலோ கரையாத துகளைப் பசை ஒன்று துணியின் மேல் பிடித்துவைக்கிறது. நீர்வண்ணம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆனால் அதன் பசை மிக மென்மையானது, காய்ந்தபின்னும் நீர் பட்டால் இளகக்கூடியது. ஆகவே காய்ந்த பூச்சை ஈரத் தூரிகையால் நனைத்து ஒற்றியெடுத்து வெளிச்சத்தை ஓரளவு மீட்கவும் முடிகிறது. மேகத்தின் விளிம்பிலோ ஓட்டுக்கூரையின் மேட்டிலோ தெளிவற்ற மெல்லிய வெளிர்மை தெரிந்தால், அது பெரும்பாலும் அவ்வாறு நிறம் எடுக்கப்பட்ட இடமாக இருக்கும்.

தாளைப் பற்றி ஓவிய ரசிகர்கள் பேசுவது குறைவு, அது ஒரு குறையே. நல்ல நீர்வண்ணத் தாள் மரக்கூழால் ஆனதன்று, பருத்தியால் ஆனது. அதன் கனத்தைச் சொல்லும் அளவும் துணிக்குச் சொல்லும் அதே ஜி.எஸ்.எம். தான், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. டி-ஷர்ட்டுக்கு 160, 180 என்று பேசும் ஊரில், 300 ஜி.எஸ்.எம். தாள் என்றால் அதன் தடிமனை விரல்களே ஊகித்துவிடும். அதைவிட மெல்லிய தாள், பலகையில் இழுத்து ஒட்டப்படாவிட்டால், நனைந்ததும் அலை அலையாக நெளிந்து, பள்ளங்களில் வண்ணம் தேங்கிக் கோடு கோடாகக் காய்கிறது. பருத்தி ஒன்றே ஆனாலும் துணிக்கும் தாளுக்கும் அதைப் பக்குவப்படுத்தும் வழிகள் எதிரெதிரானவை. துணி சாயத்தை நன்றாகக் குடிக்க வேண்டுமென்று அதன் இயற்கை மெழுகையும் எண்ணெயையும் வேகவைத்து நீக்கி ப்ளீச்சிங் செய்கிறார்கள். தாளோ வண்ணத்தை உடனே உறிஞ்சிவிடக் கூடாது என்பதற்காக ஜெலட்டின் போன்ற பசை ஏற்றப்பட்டு, நீர் மேற்பரப்பில் சற்று நேரம் நிற்கும்படி ஆக்கப்படுகிறது. நீர்வண்ணத்தின் அத்தனை விளைவுகளும் நீர் நிற்கும் அந்தச் சற்று நேரத்துக்குள் நிகழ்பவை. இந்தியக் கைவினைத் தாள் தொழிலின் முக்கிய மூலப்பொருள்களில் பனியன் கட்டிங் வேஸ்ட்டும் ஒன்று என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

இனி ஒரு தாளை அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. நல்லூரிலிருந்து காங்கயம் நோக்கிப் போனால் காணக்கிடைக்கும் கொறங்காடு, அதாவது கிளுவை வேலியிட்டு, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல் மரங்களும் நிற்கும் மேய்ச்சல் நிலம், இத்தொடரில் ஓர் ஓவியத்துக்குப் பொருளாகிறது என்றும், அதில் வெள்ளைக் காங்கயம் பசு ஒன்று மேய்கிறது என்றும் கொள்க. ஒளி ஊடுருவும் நீர்வண்ண முறையில் பசுவுக்கு வெள்ளை வண்ணம் கிடையாது. தாளின் வெள்ளையே பசு. ஓவியர் காய்ந்த புல்லின் மஞ்சளையும் வேலியின் சாம்பல் பச்சையையும் வானத்தையும் தீட்டுகிறார், பசு மட்டும் தீட்டப்படாமல் நிற்கிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது பசுவை அன்று, பசுவின் முதுகைத் தொட்டு நிற்கும் பின்புலத்தின் ஓரத்தை: அது கொம்பருகில் ஒதுங்கியும் திமிலருகில் வளைந்தும் ஒரே ஈரத்தில் தயங்காமல் ஓடியிருக்கிறதா, அல்லது பென்சில் கோட்டுக்கு அஞ்சி விட்டுவிட்டு நகர்ந்திருக்கிறதா என்பதில் கையின் தேர்ச்சி தெரியும். பிறகு வயிற்றடி நிழல். பழகாதவர் அங்கே கறுப்பில் தண்ணீர் ஊற்றிச் சாம்பலாக்கிப் பூசுவார், பசு அழுக்கடைந்ததுபோல் ஆகிவிடும். பழகியவர் அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ண்ட் சயன்னா என்னும் சுட்ட மண் நிறத்தையும் கலந்து ஒரு சாம்பலைப் பெறுகிறார். நீலத்தின் பருமனான துகள்கள் தாளின் குழிகளில் தனியே தங்கிவிடுவதால் அந்தச் சாம்பல் உற்றுப் பார்த்தால் பொடிப்பொடியாகப் பிரிந்து மின்னுகிறது. இதைத் துகள் படிதல் என்பார்கள். வயிற்றின் அடிவிளிம்பில் மட்டும் நிழல் சற்றுச் செம்மையாக இருந்தால், செம்மண்ணில் பட்ட வெயில் மேலே எதிரொளித்ததை ஓவியர் கவனித்திருக்கிறார் என்று பொருள். அந்த ஒரு கீற்றுக்காக அவரைத் தாராளமாகப் பாராட்டலாம்.

அடுத்து ஓரங்கள். ஈரத் தாளில் ஈர வண்ணத்தை இட்டால் அது எல்லையின்றிப் பரவி மென்மையான ஓரம் தரும், காய்ந்த தாளில் இட்டால் கூர்மையான ஓரம் தரும், குறைந்த நீருள்ள தூரிகையைச் சொரசொரப்பான தாளில் இழுத்தால் மேடுகளில் மட்டும் நிறம் ஒட்டிக் குழிகள் வெள்ளையாக நிற்கும். தொலைவுக்கு மென்மை, அருகுக்குக் கூர்மை என்பது பொதுவான வழக்கு. ஆனால் வெளியில் உட்கார்ந்து வரைந்த தாளில் தட்பவெப்பத்தின் கையெழுத்தும் இருக்கும். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று கொங்கு நாட்டில் ஈரத் தாளைச் சில நிமிடங்களில் உலர்த்திவிடக்கூடியது. அந்த மாதத்துத் தாள்களில் வானம் கூடக் கத்தரித்ததுபோல் கூரிய விளிம்புகளோடு நின்றால், அதைத் திறமைக் குறைவென்று தள்ளாமல் காற்றின் வேகமாகப் படிக்கலாம். ஐப்பசி மழைநாளில் வரைந்த தாளோ நெடுநேரம் ஈரம் காத்திருக்கும். நஞ்சராயன் குளம்போல் நீர்ப்பரப்பும் கரைமரங்களின் நிழலும் கலந்து கிடக்கும் இடங்கள் அந்தப் பருவத்தில் வரைய ஏற்றவை. திருப்பூருக்கு வடகிழக்கே உள்ள இக்குளம் 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பாதி காய்ந்த பூச்சின் மேல் புதிய நீர் விழுந்தால், அது பழைய துகள்களை வெளியே தள்ளிக்கொண்டுபோய்க் காலிஃப்ளவர் வடிவில் ஒரு கறைவிளிம்பை உண்டாக்கும். தொடக்கத் தாள்களில் இது தற்செயலாக வருவது, வானத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு தொல்லை தருவது. அதே கறை பிந்தைய தாளொன்றில் மரத்தின் இலைத்திரளிலோ சுண்ணாம்பு உதிர்ந்த சுவரிலோ பொருத்தமான இடத்தில் தோன்றினால், ஓவியர் அதை வேண்டி அழைத்திருக்கிறார். ஒரு பயிற்சித் தொடரைப் பார்ப்பதில் இதைவிட இனிய கண்டுபிடிப்பு வேறில்லை எனலாம்.

அடுக்குகளைப் பொறுத்தவரை, காய்ந்த பூச்சின் மேல் வேறொரு மெல்லிய பூச்சை இட்டு இரண்டையும் ஒன்றின் வழியே மற்றொன்றாகத் தெரியவைப்பது ஐரோப்பிய வழக்கில் கிளேஸ் எனப்படும். இந்தியாவுக்கு வேறொரு மரபும் உண்டு. 1903இல் ஜப்பானிய ஓவியர் யோகோயாமா தைக்கான் கொல்கத்தாவுக்கு வந்து பணியாற்றியதைக் கண்ட அவனீந்திரநாத் தாகூர், தீட்டிய தாளை முழுதும் நீரில் நனைத்துக் காயவிட்டு மீண்டும் மீண்டும் தீட்டும் வாஷ் முறையை வகுத்துக்கொண்டார். எல்லா நிறங்களும் ஒரே மூட்டத்துக்குள் அடங்கி நிற்பது அதன் தன்மை. அவரிடம் பயின்றவரே மேலே குறிப்பிட்ட ராய் சௌத்ரி. கர்நாடக இசைக் கலைஞரும் ஓவியருமான எஸ். ராஜம் (1919–2010) அஜந்தாவின் உருவமைதியை இந்த வாஷ் முறையோடு இணைத்து வரைந்தார். அவர் தீட்டிய சங்கீத மும்மூர்த்திகளின் உருவங்களே இன்று பலர் மனத்தில் அம்மூவரின் முகங்களாக இருக்கின்றன.

எல்லா நீர்வண்ணமும் ஒளி ஊடுருவுவதன்று என்பதும் நினைவில் இருக்க வேண்டும். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காக வரையப்பட்ட படங்கள், நெசவாளரும் அவர் மனைவியும் போன்ற தொழில்சார் இணைகளைக் காட்டுபவை, வெண்மை கலந்த ஒளிபுகா நீர்வண்ணத்தில், சில வேளைகளில் மைக்கா தகட்டின் மேலும் தீட்டப்பட்டவை. அங்கே நகையின் புள்ளிகளும் சேலைக் கரையும் மேலே வைக்கப்பட்ட வண்ணம். அவற்றில் தாளின் வெள்ளையைத் தேடுவதும், தேடிக் காணாமல் குறை சொல்வதும் பொருந்தாது.

நிறம் மங்குதலைக் குறித்து ஒரு சொல். துணியின் லைட் ஃபாஸ்ட்னஸை, அதாவது ஒளியில் நிறம் மங்காமல் நிற்கும் தன்மையை, 1 முதல் 8 வரை அளக்கப் பயன்படும் நீலக் கம்பளி அளவுகோல் ஓவிய வண்ணங்களைச் சோதிக்கவும் பயன்படுகிறது. ஒளியில் நீர்வண்ணம் வெளிறுவதை ஆராய்ந்த ரஸ்ஸல்–ஆப்னி அறிக்கை 1888இலேயே இங்கிலாந்தில் வெளியானது. அருங்காட்சியகங்கள் இவ்வகை ஓவியங்களைச் சுமார் 50 லக்ஸ் என்னும் குறைந்த ஒளியில் வைப்பதற்குக் காரணம் இந்த வெளிறுதலே. அந்த அறைக்குள் நுழைந்ததும் ஓவியம் இருண்டிருக்கிறது என்று எண்ணாமல் கண் பழகும்வரை சில நிமிடங்கள் நிற்பது நல்லது. ஈரத்தில் அடர்ந்து தெரியும் நிறம் காய்ந்ததும் வெளுத்துவிடும் என்பதைச் சாயப்பட்டறையில் ஷேடு பார்ப்பவர்கள் அறிவார்கள். நீர்வண்ண ஓவியரும் காய்ந்தபின் வரும் நிறத்தை முன்கூட்டி மனத்தில் வைத்தே கலக்க வேண்டியிருக்கிறது. தொடரின் முதல் தாள்கள் வெளிறியும் பிந்தையவை துணிந்த அடர்த்தியோடும் இருப்பதற்குப் பெரும்பாலும் இந்தக் கணிப்பு கைவந்ததே காரணம்.

அத்தகைய தொடர் ஒன்றைப் பார்க்கக் கிடைத்தால், சட்டமிட்டுச் சுவரில் மாட்டியவற்றோடு நிறுத்திக்கொள்ளாமல், தாள்களைத் தேதி வரிசையில் தரையில் பரப்பச் சொல்லி, சன்னலோர வெளிச்சத்தில் ஒவ்வொன்றையும் சற்றுச் சாய்த்துப் பார்க்க வேண்டும். சாய்த்தால்தான் தாளின் மேடுபள்ளமும் நிறம் தேங்கிய இடமும் ஒற்றியெடுத்த வடுவும் தெரியும். கைவிடப்பட்ட தாள்கள் இருக்கின்றனவா என்று கேட்பதும், ஒரே பசு நான்கு தாள்களில் இருந்தால் எதில் பின்புலம் முதலில் இடப்பட்டது என்று ஓவியரிடமே விசாரிப்பதும் தகும். வரைபவர்கள் இந்தக் கேள்விக்கு மகிழ்ந்து விடை சொல்வார்கள்; பல வேளைகளில் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஓரமாகத் தடவிப் பார்த்த நிறக்கலவைகளையும் காட்டுவார்கள்.