மூலமும் இடைச்செருகலும்: நோத்ர தாம் பேராலயம்

பாரிஸ் மாநகரைப் பற்றி நம் மாணவர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ஐஃபல் கோபுரத்தின் உயரத்தில் தொடங்கி, சேன் ஆற்றின் அழகில் முடிந்துவிடுகின்றன. அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. நாம் கற்பித்தது அவ்வளவே. உயரம், அகலம், கட்டிய ஆண்டு ஆகியவற்றைச் சொல்லிவிட்டால் ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்லியாயிற்று என எண்ணுகிறோம். ஒரு செய்யுளின் சீரையும் அடியையும் எண்ணிக் காட்டிவிட்டு, 'திறனாய்வு செய்தேன்' என்று எவரேனும் கூறினால் நாம் ஒப்புவோமா?

இக்குறை எனக்கும் உண்டு. என் வகுப்பறைச் சுவரில் நோத்ர தாம் பேராலயத்தின் பெரிய படம் ஒன்று பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. அதன் மேல்மாடத்தில், கொம்பும் சிறகும் உடைய விந்தை உருவம் ஒன்று இரு கைகளாலும் முகத்தைத் தாங்கி நகரைப் பார்த்துக் கொண்டிருக்கும். மாணவர் அதை மிக விரும்புவர். எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட சிற்பியின் கைவண்ணம் என்று ஆண்டுதோறும் நானும் சொல்லி வந்தேன். அது முழுப் பிழை. அவ்வுருவம் 19ஆம் நூற்றாண்டின் படைப்பு. 2019 ஏப்ரல் 15ஆம் நாள் அப்பேராலயம் தீக்கு இரையான பின்னர், அதன் வரலாற்றை ஊன்றிப் படித்தபோதுதான் இதனை அறிந்தேன்.

பேராலயத்தின் கட்டுமானம் 1163இல் தொடங்கியது. சுவரைப் புறத்தே நின்று தாங்கும் வளைவுத் தாங்கிகளால், கனத்த சுவர்களுக்கு மாறாக ஒளி புகும் பெரும் பலகணிகள் அமைந்தன. இது கோதிக் கலையின் அரிய பேறு. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793இல், முகப்பிலிருந்த யூத அரசர் சிலைகளைப் பிரான்சின் அரசர் எனப் பிழைபடக் கருதி, தலைகளை வெட்டி வீழ்த்தினர். அத்தலைகளுள் 21, 1977இல் மண்ணுள்ளிருந்து வெளிப்பட்டன. இன்று முகப்பில் நிற்கும் அரசர்களோ 19ஆம் நூற்றாண்டினர்!

பழுதுற்றுக் கிடந்த ஆலயத்தின்பால் மக்கள் நெஞ்சைத் திருப்பியது ஒரு நாவல். 1831இல் விக்டர் ஹியூகோ அதனை வெளியிட்டார். அச்சு நூல் கட்டடக் கலையைக் கொன்றுவிடும் என்று அந்நாவலின் ஓர் இயலில் அவர் வாதிட்டார். ஆனால் அவர் எழுதிய நூலே ஒரு கட்டடத்தை வாழ்வித்தது. எழுதுவோர் பெருமைப்படத்தக்க முரண் இது.

சீரமைக்கும் பொறுப்பு 1844இல் லாசுஸ், வியோலே லெ துக் என்னும் இரு கட்டடக் கலைஞரிடம் வந்தது. முன்னவர் 1857இல் மறைந்தார். பின்னவர் 1864 வரை பணியாற்றினார். கட்டடத்தைச் சீரமைப்பது என்பது, முன்பு எக்காலத்தும் இல்லாத நிறைவைக்கூட அதற்கு அளிப்பதாகலாம் என்பது வியோலே லெ துக்கின் கொள்கை. இடைக்காலத்துக் கூர்ங்கோபுரம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அகற்றப்பட்டிருந்தது. அதைவிட உயரமும் அணியும் மிக்கதாக, 96 மீட்டர் எட்டும் புதிய கூர்ங்கோபுரத்தை அவர் 1859இல் எழுப்பினார். அதனடியில் நிறுத்திய செப்புச் சிலைகளுள், கட்டடக் கலைஞரின் காவலரான புனித தோமையருக்குத் தம் முகச்சாயலையே அமைத்துக்கொண்டார். நம்மவர் மரபு பரங்கிமலையோடு இணைத்துப் பேசும் அதே தோமையர்தாம். ஏனைய சிலைகள் நகரை நோக்க, அவர் மட்டும் திரும்பிக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார்!

தமிழாசிரியர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஏடு சிதைந்த இடத்தில் தம் பாட்டை எழுதிச் சேர்த்தவர்களை நாம் அறிவோம். இடைச்செருகல் என்று அதற்குப் பெயருமிட்டுள்ளோம். வியோலே லெ துக் உரையாசிரியராகத் தொடங்கி ஆசிரியராக முடிந்தவர். ஆயினும் அவர் சேர்த்தவை நல்ல பாட்டு என்பதை மறுப்பதற்கில்லை. அக்கோபுரம் இன்றேல், பக்கவாட்டில் நோக்குவார்க்கு அந்நீண்ட கூரை தலையில்லா உடலாகவே தோன்றும்.

தீவிபத்தன்று உலகமே கண்ணீர் வடித்தது. எதற்காக? 160 ஆண்டே வாழ்ந்த கோபுரம் சாய்ந்ததற்காக. அதே தீயில், கூரைக்குள் எவர் கண்ணுக்கும் படாதிருந்த, 'காடு' எனப் பெயர்பெற்ற ஓக் மரச் சட்டகமும் எரிந்தது. 12, 13ஆம் நூற்றாண்டுத் தச்சர் செதுக்கிய அதுவே மூல பாடம். மூலம் எரிந்ததை அறியாமல் இடைச்செருகலுக்காக அழுதோர் பலர். நானும் அவர்களுள் ஒருவன்.

தீயணைந்த இரண்டு நாட்களுக்குள் பிரெஞ்சுப் பிரதமர் புதிய கோபுரத்திற்குப் பன்னாட்டுப் போட்டி அறிவித்தார். 2020 ஜூலையில் அவ்வெண்ணம் கைவிடப்பட்டு, முன்பிருந்தவாறே கட்ட முடிவாயிற்று. அதுவே சரி என்பது என் கருத்து. பழமையானது என்பதற்காகவன்று, அது பழமையுடையதன்று எனக் கண்டோம். அதன் அளவும் வரைபடமும் ஐயமற அறியப்பட்டிருந்தன. மீட்டெழுதுவோர் தம் கற்பனையைச் சேர்க்க இடமில்லை. தச்சர் கைக்கோடரியால் உத்தரங்களைச் செதுக்கிக் கூரைச் சட்டகத்தை எழுப்பினர். 2024 டிசம்பர் 7ஆம் நாள் கதவுகள் திறந்தன.

ஆனால் அதே அரசு, வியோலே லெ துக் அமைத்து, தீயில் சேதமுறாது தப்பிய பலகணிகளை ஆறு சிற்றாலயங்களிலிருந்து அகற்றிவிட்டு, இக்கால ஓவியரின் வண்ணக் கண்ணாடிகளைப் பொருத்தத் துணிந்தது. 2024 ஜூலையில் நாட்டின் மரபுச்செல்வ ஆணையம் இதனை ஒருமனதாக எதிர்த்தது. ஆயினும் அவ்வாண்டு டிசம்பரில் கிளேர் தபுரே என்னும் ஓவியர் தெரிவு செய்யப்பட்டார். அவர்தம் ஓவியத் திறனில் எனக்கு ஐயமில்லை. எரிந்த ஏட்டை எழுத்துப் பிசகாமல் மீட்டெழுதியவர், எரியாத ஏட்டைப் பிரித்தெடுத்துத் தம் பாட்டைச் செருகுவது என்ன நெறி? அதே கலைஞரின் கோபுரம் காக்கத்தக்கதாயின், கண்ணாடி மட்டும் களையத்தக்கதாவது எவ்வாறு? இதற்கு ஏற்புடைய விடையை நான் இன்னும் படிக்கவில்லை.

என் வகுப்பறைப் படத்தை நான் அகற்றவில்லை. விந்தை உருவத்தின் அருகே '19ஆம் நூற்றாண்டு' எனவும், கோபுரத்தின் அருகே '1859' எனவும் சீட்டெழுதி ஒட்டினேன். இப்போது '1859'க்குக் கீழே '2024' என்பதையும் சேர்த்திருக்கிறேன்.