ஒட்டுத்தாளுக்குக் கீழே

கட்சி சார்ந்த விமர்சனம் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. சார்பு இல்லாத மனிதன் இல்லை. இருந்தால் அவனோடு பேச எனக்கு விஷயமும் இல்லை. என் புகார் வேறு. நம்மூர்க் கட்சி விமர்சனம் போதிய அளவு கடுமையானதாக இல்லை. அது ஆளை அடிக்கிறது. காரியத்தைத் தப்பவிட்டுவிடுகிறது.

2011ஐ எடுத்துக்கொள்கிறேன். மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காகக் கிடந்த பள்ளிப் பாடத்தை ஒன்றாக்க தி.மு.க. அரசு 2010இல் சட்டம் செய்தது. ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் அது நடைமுறைக்கும் வந்தது. 2011 மே மாதம் ஆட்சி மாறியது. தரம் போதாது என்று சொல்லி அ.தி.மு.க. அரசு திட்டத்தையே நிறுத்திவைத்தது. மற்ற வகுப்புகளுக்கான புத்தகங்கள் அச்சாகிக் கிடந்தன. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. பத்து நாட்களுக்குள் நடைமுறைப்படுத்த வேண்டுமென்று ஆகஸ்ட் 9ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஆட்சி மாறியது என்பதற்காக ஓர் அரசின் முடிவை எளிதில் இல்லாமலாக்கக் கூடாது என்றும் அதில் சொல்லப்பட்டது.

தரம் என்பது பேசியிருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால், புத்தகங்கள் பிள்ளைகள் கைக்கு வந்தபோது எது மறைக்கப்பட்டிருந்தது? கருணாநிதி எழுதிய செம்மொழி மாநாட்டுப் பாடலின் மேல் தாள் ஒட்டியிருந்தார்கள். இரண்டரை மாத தர விசாரணையின் கண்ணுக்குத் தெரிந்த விளைவு பசையும் தாளும். அந்தப் பாடலைப் பாடப்புத்தகத்தில் கொண்டுவைத்த மனமும் இதே மனம்தான். ஒன்று பெயரை ஒட்டியது, மற்றது பெயரின்மேல் ஒட்டியது.

ஒட்டுத்தாள் மறைத்தது பாடலை மட்டுமல்ல. முத்துக்குமரன் குழு நூற்றுக்கும் மேற்பட்ட பரிந்துரைகளைத் தந்திருந்தது. நிறைவேறியவை மிகச் சில. புத்தகம் ஒன்றானது; பள்ளிக்கூடம் ஒன்றாகவில்லை. ஆய்வுக்கூடம் உள்ள பள்ளியும் கூரை ஒழுகும் பள்ளியும் ஒரே அட்டைப்படத்தை வைத்துக்கொண்டு சமம் என்று சொல்லிக்கொண்டன. மத்தியப் பாடத்திட்டம் வெளியே நின்றது. வசதியுள்ள பள்ளிகள் பல அந்த வாசல்வழி வெளியேறவும் செய்தன. பொதுப் பாடத்திட்டத்துக்குச் சமச்சீர் என்று பெயர் வைத்ததே மிகை என்று அன்று ஓர் எதிர்க்குரல் எழுந்து, அதுவே பிரதான விவாதமாகியிருந்தால், தி.மு.க.வுக்கு அதைவிடப் பெரிய சங்கடம் இருந்திருக்காது. எதிரிகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அவர்களுக்குப் பெயர் போதுமானதாக இருந்தது.

ஆதரவாளர்களும் கேட்கவில்லை. நான் கேட்டேனா? இல்லை. அன்று நான் தீர்ப்பைக் கொண்டாடியவன். பரிந்துரைகளின் கதை எனக்குத் தெரியும். இப்போது அதைச் சொன்னால் அந்தப் பக்கத்துக்கு ஆயுதமாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அப்படி மூடிய வாயும் ஓர் ஒட்டுத்தாள்தான்.

2021இல் ஜெயலலிதா, பழனிசாமி படங்கள் அச்சிட்ட புத்தகப்பைகளை வீணாக்காமல் பிள்ளைகளுக்கே கொடுக்கும்படி ஸ்டாலின் சொன்னார். பத்து வருஷத்துக்கு முந்தைய பசையை நினைத்தால் இது நாகரிகம். நானும் பாராட்டினேன். ஆனால், பிள்ளையின் முதுகில் முதலமைச்சர் படம் எதற்கு என்ற கேள்வி பாராட்டு ஓய்ந்த பிறகுதான் எனக்கு வந்தது. பெருந்தன்மையும் பெயரை மட்டுமே பார்க்கப் பழக்கிவிடுகிறது.

இதை இந்தப் பத்திரிகையில் எழுதக் காரணம் உண்டு. நம் இருநூறு பேர் உலகத்தில் கவிதைத் தொகுப்பு வந்தால் முதலில் எதைப் புரட்டுகிறோம்? முன்னுரை யார், வெளியீடு எந்தக் கோஷ்டி. அதற்குப் பிறகுதான் கவிதை. வேண்டாதவர் புத்தகத்தில் நல்ல கவிதையையும், வேண்டியவர் புத்தகத்தில் மோசமான கவிதையையும் ஒரே லாவகத்தோடு தாண்டிப்போகக் கற்றிருக்கிறோம். கோட்டையில் இருப்பவர்களிடம் பசை அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஆகஸ்டில் பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை புத்தகத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். தாளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. விமர்சகனின் வேலை அங்கே தொடங்குகிறது. யார் ஒட்டினார்கள் என்பது இரண்டாவது கேள்வி.