கண்ணழுத்த நோய்: பெயரும் பொருளும்

கலைச்சொல் பொருளை விளக்கவேண்டும், மறைத்தல் கூடாது. கிளாக்கோமா என்னும் கண்நோய்க்குத் தமிழில் 'கண்ணழுத்த நோய்' என்னும் பெயர் வழங்குகிறது. இப்பெயர் கூறுவது பாதி உண்மையே. மறுபாதியை அறியாதவர், 'எனக்குத்தான் அழுத்தம் இல்லையே' என்று வாளா இருந்து பார்வையை இழக்கவும் கூடும்.

கண்ணுள் ஊறும் நீரின் அழுத்தம் 21 மில்லிமீட்டர் பாதரச அளவைக் கடந்தால் பார்வை நரம்பு கெடும் என்பது பழைய கொள்கை. ஆனால், ஜப்பானின் தாஜிமி நகரில் நடைபெற்று 2004-இல் வெளியான ஆய்வு, இந்நோயின் பெருவகையாகிய திறந்தகோண வகை கண்டவருள் 100-க்கு 92 பேரிடம் அழுத்தம் அவ்வளவைக் கடக்கவில்லை என்று காட்டிற்று. அழுத்தம் மிகாமலே அழுத்த நோயா?

விடையின் ஒரு கூறு இரவில் இருக்கிறது. உறக்கத்தில் இரத்த அழுத்தம் 100-க்கு 10 முதல் 20 பங்கு வரை குறைவது இயல்பு. சிலருக்கு அதனினும் குறையும். படுத்த நிலையிலோ கண்ணின் அழுத்தம் ஏறுகிறது. இவ்விரண்டின் இடைவெளியே நரம்புக்குக் குருதியை ஊட்டும் விசை. இடைவெளி சுருங்கின் நரம்பு பசித்திருக்கும். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்து அறிஞர் சோகன் சிங் ஹேரே, நோயாளரின் இரத்த அழுத்தத்தை 24 மணி நேரமும் அளந்து, 1994-இல் இவ்விரவு வீழ்ச்சியைச் சுட்டினார். இரவில் உண்ணும் இரத்த அழுத்த மருந்து அதனை மிகுவிக்கலாம் என்றும் எச்சரித்தார்.

இதுகொண்டு, 'கண்ணழுத்தம் பொருட்டன்று' என்று மறுகோடிக்கு ஓடுவதும் பிழையே. அழுத்தம் மிகாத நோயாளரிடத்தும் அதனை 100-க்கு 30 பங்கு குறைத்தபோது, நோய் முற்றிய கண்கள் 100-க்கு 35-லிருந்து 12-ஆகக் குறைந்தன என்று 1998-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆகவே இரவு வீழ்ச்சியை நோயின் துணை எனலாம். அதுவே முதற்காரணம் என்பது நிறுவப்படவில்லை. அதற்கஞ்சி மருந்தைத் தாமே நிறுத்துவோர், கண்ணைக் காக்கப்போய் இதயத்தையும் மூளையையும் இடருக்கு உள்ளாக்குவர். மருந்துண்ணும் வேளையைக் கண் மருத்துவரும் இரத்த அழுத்தத்திற்கு மருந்து தருபவரும் கலந்து முடிவு செய்தலே முறை.

வழக்கில் ஊன்றிய பெயரை மாற்றுவது எளிதன்று, மாற்றவும் வேண்டுவதில்லை. அச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், 'அழுத்தம் மிகாமலும் இந்நோய் வரும்' என்னும் ஒரு தொடரையும் சேர்த்துக் கற்பித்தால் போதும். பெயர் விட்ட குறையை உரை நிரப்பிவிடும்.