கேரவனுக்கு எத்தனை காற்று?

தமிழ்நாட்டில் கேரவன் என்றால் உள்ளே நடிகர் இருக்கிறார் என்று அர்த்தம். கேரளத்தில் அப்படியில்லை. 2021இல் சுற்றுலாத் துறை கேரவன் திட்டத்தை அறிவித்து, அடுத்த ஆண்டு வாகமண்ணில் முதல் கேரவன் பூங்காவும் வந்துவிட்டதால், இங்கே திருவனந்தபுரத்தில் அது படுத்துறங்கிப் போகும் வண்டி. என்னுடையது அந்த ரகம் இல்லை. பழைய வேன், பின்னால் ஒரு கட்டில், 50 லிட்டர் தண்ணீர் டேங்க், அடுப்பு, பேட்டரி. அவ்வளவுதான்.

டயர் மாற்றும் நேரம் வந்தபோது, பழைய 155/80 ஆர்13 கார் டயருக்குப் பதில் 155 ஆர்13 எல்.டி. (சிறு லாரி வகை), 8 பிளை டயர் போட்டேன். அதே ரிம்மில் உட்காரும். பழையதன் சுமை எண் 79, அதாவது ஒரு டயருக்கு 437 கிலோ. புதியதன் எண் 90, அதாவது 600 கிலோ. பக்கவாட்டில் அதிகபட்சம் 65 பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருக்கிறது. கதவோரத்து ஸ்டிக்கரோ 30 என்கிறது. கரமனை பக்கத்து பங்க்கில் காற்றடிக்கும் பையன் “எத்ர?” என்று கேட்டான். பதில் தெரியாமல் நின்றேன்.

இரண்டு எண்ணுமே தப்பு. ஸ்டிக்கர் பழைய டயருக்கு எழுதியது. கனமான டயர் என்பதால் அதே 30இல் அதிகம் தாங்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நடப்பது நேர்மாறு: எல்.டி. டயர் சுமையைத் தாங்குவது உள்ளே இருக்கும் காற்றால். 30இல் அது 350 கிலோகூடத் தாங்காது. பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். கூடுதல் காசு கொடுத்து வாங்கிய டயர், பழையதைவிட மோசமாகிவிடும். 65 என்பது 600 கிலோ ஏற்றுபவனுக்கான கணக்கு. அதை அடித்துக்கொண்டு கழக்கூட்டம் பைபாஸ் வரை போய்ப் பார்த்தேன். அலமாரியிலிருந்த எவர்சில்வர் பாத்திரமெல்லாம் கச்சேரி நடத்தியது. தண்ணீர் தேங்கிய சாலையில் பிரேக் பிடித்தபோது பின்பக்கம் லேசாக வழுக்கியதும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே எடை மேடைக்குப் போனேன். டேங்க் நிறைய, சாமான் எல்லாம் ஏற்றி, நாங்கள் இருவரும் உள்ளே. முதலில் முழு வண்டி, பிறகு பின் சக்கரங்கள் மட்டும், கடைசியில் இடப்பக்கப் பின் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றியும் தனித்தனியாக எடை போட்டேன். மேடைக்காரர் இதற்கு மூன்று ரசீது கேட்பீர்களா என்று சிரித்தார். கேட்டேன். பின் அச்சில் 830 கிலோ. தண்ணீரும் அடுப்பும் இடப்பக்கம் இருப்பதால் அந்தப் பின் டயரின் பங்கு 440. பழைய டயர் இத்தனை நாள் தன் வரம்பைத் தாண்டி ஓடியிருக்கிறது!

440ஐ 600ஆல் வகுத்து 65ஆல் பெருக்கினால் 48. டயர் தயாரிப்பாளர்களின் சுமை அட்டவணை இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும்; அந்த இடைவெளி பாதுகாப்புக்கு இருக்கட்டும். ஒரே அச்சில் இரு பக்கமும் ஒரே அளவுதான் வேண்டும், கனமான பக்கத்துக்கு ஏற்றபடி. முன்பக்கம் 34 வந்தது, 36 வைத்தேன். வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும் விடியலில் பார்க்கும் அளவு இது.

இந்த நேரத்தில்தான் டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் வால்வு மூடி சென்சாரும் வாங்கினேன். நான்கு சென்சார், டேஷ்போர்டில் சூரிய ஒளியில் இயங்கும் ஒரு திரை. பொருத்துவது பத்து நிமிட வேலை. பென்சில் கேஜோடு ஒப்பிட்டபோது ஒரு பி.எஸ்.ஐ. வித்தியாசம், அதற்கு மேல் இல்லை. ஆனால் எச்சரிக்கை அளவுகள் கார்களுக்கானவை. மாற்றாமல் கிளம்பியதால் பின்பக்கத்து 48ஐப் பார்த்து முதல் நாள் முழுக்கக் கத்தியது.

நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குப் போனோம். கிளம்பும்போது 48. கல்லாறு தாண்டி 22 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறியதும் 53. இதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிடக் கூடாது. சூட்டில் ஏறியது ஆறினால் தானே இறங்கும். திரையில் காட்டிய வெப்பநிலையை மட்டும் நம்ப வேண்டாம். சென்சார் டயருக்கு வெளியே தொங்குகிறது, அதற்குத் தெரிவது பெரும்பாலும் காற்றோட்டத்தின் குளிர்ச்சிதான்.

பெரிய குறை வேறு. சாதாரண ரப்பர் வால்வின் தாங்குதிறன் பொதுவாக 65 பி.எஸ்.ஐ.; அதன் நுனியில் சென்சாரின் எடையும் சேர்ந்து, சக்கரம் சுழலும்போது வெளிப்பக்கம் இழுக்கிறது. எல்.டி. டயர் போடுபவர்கள் உலோக வால்வுக்கு மாறிவிட வேண்டும். நான் டயரை மாட்டிய பிறகுதான் இது தெரிந்து, பஞ்சர் கடையில் மறுபடி கழற்றி, மறுபடி காசு கொடுத்தேன். சங்குமுகம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இன்னொன்று: உப்புக் காற்றில் அலுமினிய வால்வும் பித்தளை மரையும் ஒன்றாக இறுகிவிடும். மாதம் ஒருமுறை கழற்றிப் போடுங்கள். போட்ட பிறகு சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள்.

மெல்லக் காற்றிறங்கும் பஞ்சரை இந்தக் கருவி நன்றாகப் பிடிக்கிறது. அதற்காகவே வாங்கலாம். எத்தனை அடிக்க வேண்டும் என்று மட்டும் அது சொல்லாது. அதைச் சொன்னது எடை மேடை ரசீது.

லாரிக்காரர்கள் மட்கார்டில் எழுதுவதுபோல நானும் சக்கரங்களின் மேல் வெள்ளை பெயிண்டில் 36, 48 என்று எழுதிவிட்டேன். பங்க் பையன் இப்போது “எத்ர?” என்று கேட்பதில்லை. ஸ்டெப்னிக்கும் 48தான். முன்னால் மாட்ட நேர்ந்தால் வழியில் இறக்கிக்கொள்ளலாம். காட்டுப் பாதையில் ஏற்றிக்கொள்ள முடியாது.